நாலடி பேஸ்மட்டம்

விரிசலைப் பார்க்க வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். துக்கம் விசாரிக்க வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருவார்கள். சுவருக்கு முன்னால் நின்று உச்சுக் கொட்டுவார்கள். அப்புறம் ஆட்காட்டி விரலை விரிசலுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். எதற்கு விரலை விடுகிறார்கள்? உள்ளே என்ன, தேனா இருக்கிறது? ஒருத்தர் வாஸ்து சரியில்லை என்பார். இன்னொருத்தர் கண் திருஷ்டி என்பார், பூசணிக்காய் உடைத்தீர்களா என்று கேட்பார். என் நாத்தனார் ஒருபடி மேலே போய், "மஞ்சத் தண்ணி தெளிச்சியா?" என்றாள். செங்கலுக்கும் சிமென்ட்டுக்கும் மஞ்சள் தண்ணீர். நான் எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்து, கேட் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு, உள்ளே வந்து பாத்திரங்களை டமால் டமால் என்று போடுவேன்.

பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கோபத்தோடுதான் அந்த வீட்டில் இருந்தேன். யார் மேல் கோபம் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன், என் தம்பி மேல். வீட்டைக் கட்டிய மேஸ்திரி அவன்தான். கூடப் பிறந்தவன், என்னைவிட ஆறு வயது சின்னவன். பதினெட்டு வயதில் சித்தாளோடு சித்தாளாகக் கல் சுமக்கப் போய், கரணை பிடித்து, கொத்தனாராகி, மேஸ்திரி ஆனவன். எங்கள் சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டார்கள். அது என் வீடு கட்டும்வரை.

வீடு மூலக்குளத்தில், வில்லியனூர் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. நாங்கள் மனை வாங்கியபோது வரப்பு அழியாமல் இருந்தது. நெல் விளைந்த நிலம். ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். போதாததற்கு ரோடு போடுகிற புண்ணியவான்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது ரோடு போட வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும், இவர்களுக்குத் தெரியாது. பழசின் மேலேயே ஜல்லியையும் தாரையும் கொட்டி உருட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒவ்வொரு தடவையும் ரோடு முக்கால் அடி ஏறும், வீடெல்லாம் பள்ளமாகும். அதனால் எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிற யாரும் முதலில் பேசுவது பேஸ்மட்டத்தைத்தான். தரைக்கு மேலே நாலு பக்கமும் சுவர் எழுப்பி, உள்ளே மண்ணை நிரப்பி, அதற்கு மேலேதான் தளம் போட்டு வீட்டை எழுப்புவார்கள். பேஸ்மட்டம் எத்தனை அடி என்பது எங்கள் தெருவில் கௌரவப் பிரச்சினை. பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர், சொல்தா என்போம் அவர்களை. அவருடைய பேஸ்மட்டம் மூன்றடி. எனக்கு நாலடி வேண்டும் என்றேன்.

"மூணே போதும்கா" என்றான் தம்பி. "ஒசர ஒசர உள்ள இருக்கற மண்ணு சுவத்த வெளிய தள்ளும்."

"தள்ளாத மாதிரி கட்டு. அதுக்குத்தான நீ மேஸ்திரி."

அவன் கட்டினான். அடியில் அகலமாக எடுத்து, ஒன்பது இஞ்ச் சுவரைப் பதிமூன்றரை இஞ்ச் ஆக்கி, நடுவில் குறுக்குச் சுவர் கொடுத்து, தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினான். ஞாயிற்றுக்கிழமைகூட சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து ஊற்றிவிட்டுப் போவான். அந்தச் சுவரில் ஒரு குறையும் இல்லை. இதை இன்றைக்குச் சொல்கிறேன். சொல்ல வேண்டிய அன்றைக்குச் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அரசாங்க வேலை. புதுச்சேரியில் அரசாங்க வேலை என்றால் எப்போது வேண்டுமானாலும் காரைக்காலுக்குத் தூக்கிப் போடுவார்கள். வீடு கட்டத் தொடங்கிய மாதமே அவரைத் தூக்கிப் போட்டார்கள். சனிக்கிழமை பஸ்ஸில் வருவார், ஞாயிறு மத்தியானம் கிளம்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் கட்டட வேலையை நான்தான் பார்த்துக்கொண்டேன். நான் கணக்கு டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்காரவைக்கிறவளுக்கு நாலு கொத்தனார் ஒரு பொருட்டா என்கிற நினைப்பு எனக்கு.

பேஸ்மட்டம் முடிந்த சமயத்தில் ஆனி மாதம் கடைசிக்கு வந்துவிட்டது. அடுத்து நிலை வைக்க வேண்டும். வாசக்கால் நிறுத்தி, மஞ்சள் குங்குமம் பூசி, மாவிலை கட்டி, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பூஜை போடுவது. ஆடி பிறந்துவிட்டால் நிலை வைக்கக் கூடாது. ஆனியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு முகூர்த்தம். ஆனால் பேஸ்மட்டத்துக்குள் மண் இல்லை, வெறும் குழியாகக் கிடந்தது. கிராவல் மண் ஏற்றிவர லாரி கிடைக்க இன்னும் பத்து நாளாகும் என்றார்கள்.

தம்பி அதற்கு வழி சொன்னான். "நிலைய அன்னிக்கே வெச்சிடலாம்கா. அதுக்கும் மண்ணுக்கும் சம்பந்தம் இல்ல. நாலு பலகைய குறுக்க போட்டா ஐயரு நின்னு பூஜ பண்ணிடுவாரு. மண்ண பொறுமையா அரை அடி அரை அடியா போட்டு, தண்ணி வுட்டு, திமுசு போட்டு இடிக்கலாம். ஒரு மழ வாங்கட்டும்."

எவ்வளவு நல்ல யோசனை. எனக்குக் காதில் ஏறவில்லை. என் மாமியார் வீட்டு சனம் மொத்தமும் வரப்போகிறது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருகிறவர்கள் குழியின் ஓரத்தில் ஒற்றைக் காலில் நிற்பார்களா? "சொந்தமா வீடு கட்டறாளாம், நிக்க எடம் இல்ல" என்று பேச ஒரு வாய்ப்புக் கொடுப்பேனா நான்? தரை சமமாக இருக்க வேண்டும், அதில் ஜமக்காளம் விரிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தியின் வீட்டுக்காரர் டிராக்டர் வைத்திருந்தார். அவர்கள் ஊரில் அப்போது குளம் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். ஒரு போன்தான் போட்டேன். மறுநாள் காலையிலிருந்து டிராக்டர் டிராக்டராக மண் வந்து இறங்கியது. கறுப்பு மண். ஈரம் காயவில்லை, நத்தை ஓடெல்லாம் கிடந்தது அதில்.

தம்பி ஒரு கை அள்ளினான். உள்ளங்கையில் வைத்து உருட்டினான். புழு மாதிரி நீளமாக வந்தது. அதை வளைத்தான். மோதிரமாக வளைந்தது, உடையவில்லை.

"இது சுத்தக் களிக்கா. தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். கோடையில வயலு பாளம் பாளமா கெடக்கறத பாத்ததில்லயா நீ? வேணாம். திருப்பி அனுப்பிச்சிடு."

"நீ என்ன இஞ்சினியரா? ஆடி பொறக்க நாலு நாளுதான் இருக்கு. கொட்டு."

அவன் கையிலிருந்த மண்ணைக் கீழே போட்டான். எனக்கு எதிர்ப்பேச்சு பேசி அவனுக்குப் பழக்கமில்லை. அப்பா போனதிலிருந்து நான் சொல்வதுதான் வீட்டில் சட்டம். சித்தாள்களைப் பார்த்து, "பரப்புங்கம்மா" என்றான். திமுசு போட நேரமில்லை. இரண்டு நாளில் நாலடியையும் மேலேவரை ரொப்பினார்கள். மேலே மட்டும் ஒரு சாண் மணலைத் தூவிவிட்டோம், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று.

அன்று சாயந்திரம் காரைக்காலிலிருந்து வீட்டுக்காரர் போன் பண்ணினார். "மண்ணு வந்துச்சா? என்ன மண்ணு?" என்றார். அவர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. களிமண் என்று சொன்னால் மறு பேச்சில்லாமல் வேண்டாம் என்பார்.

"கிராவலுங்க. நல்ல செவப்பு கிராவல்" என்றேன்.

தம்பி இரண்டடி தள்ளி உட்கார்ந்து கரணையைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்டது. தலை நிமிரவில்லை.

நிலை வைத்த பூஜை அமர்க்களமாக நடந்தது. பட்டுப்புடவைகள் எல்லாம் சமமான தரையில் நின்றன.

இரண்டு மழைக்காலம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது கார்த்திகையில், பாத்ரூம் பக்கத்து வெளிச்சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், படுக்கை வாக்கில் ஒரு கோடு. பென்சிலால் போட்ட மாதிரி. தம்பியைக் கூப்பிட்டேன். வந்தான், விரிசலைக் கொஞ்சம் அகலமாக வெட்டிவிட்டு, தண்ணீர் தெளித்து, கலவை வைத்துப் பூசினான். அடுத்த மழைக்குப் பூச்சோடு சேர்ந்து திறந்துகொண்டது. மறுபடி வந்தான். இந்தத் தடவை கோழி வலை வைத்து ஆணி அடித்துப் பூசினான். போகும்போது தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"பாத்ரூம் தண்ணி சுவத்தோரமா எறங்குதுக்கா. குழாய நீட்டி தெருக் காவாய்ல வுட்டுடு. அந்த வாழையும் சுவத்த ஒட்டி வாணாம். உள்ள ஈரம் போவாம இருந்தா போதும்."

உள்ளே ஏன் ஈரம் போகக் கூடாது என்று அவன் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ கட்டின லட்சணத்துக்கு என் வாழ மேல பழி போடறியா?" என்றேன். அன்றைக்குக் காபிகூடக் குடிக்காமல் போனான்.

அதற்கப்புறம் நானே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தேன். வெள்ளை சிமென்ட், பட்டி, பெயின்ட், ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒன்று. கடைக்காரன் விற்ற எல்லாவற்றையும் அந்தச் சுவர் தின்றது. பக்கத்து வீட்டு சொல்தா ஒரு நாள் சின்னக் கண்ணாடித் துண்டைக் கொண்டுவந்து விரிசலுக்குக் குறுக்கே இரண்டு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டினார். கண்ணாடி உடையாமல் இருந்தால் விரிசல் தூங்குகிறது, உடைந்தால் நடக்கிறது என்றார். கோடை முழுக்க நன்றாக இருந்தது. ஐப்பசி மழை பிடித்த மூன்றாவது வாரம் கண்ணாடி இரண்டு துண்டு. "சுவத்துல வியாதி இல்ல மதாம். உள்ள ஏதோ தள்ளுது. என்னா மண்ணு போட்டிங்க?" என்று கேட்டார்.

"கிராவல்" என்றேன் அவரிடமும்.

மறந்துவிட்டாயா என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. அந்த நத்தை ஓடுகூட எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் களிமண்ணையும் விரிசலையும் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மாட்டேன். பார்க்கப் போகிற நேரத்தில் எனக்குக் கோபம் வந்துவிடும். கோபம் வந்தால் யோசிக்க வேண்டியதில்லை. அதைப்போல வசதி வேறு எதிலும் கிடையாது.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எங்கள் சொந்தக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அறுபது எழுபது பேர். விரிசல் விரல் நுழைகிற அளவு ஆன அன்று, எரிச்சலில் அதை போட்டோ எடுத்து அதில் போட்டேன். கீழே, "என் தம்பி மேஸ்திரியின் கைவண்ணம்" என்று எழுதினேன். சிரிக்கிற பொம்மை பன்னிரண்டு வந்தது. தம்பியும் அந்தக் குரூப்பில்தான் இருந்தான்.

பெரியப்பா மகன் அப்போது கனகசெட்டிக்குளத்தில் வீடு கட்ட மனை பார்த்து வைத்திருந்தான். தம்பிதான் கட்டுவதாகப் பேச்சு, கடைக்கால் போட நாள்கூடக் குறித்துவிட்டார்கள். மறுநாள் எனக்குப் போன் பண்ணினான். "என்னக்கா, அவன்கிட்ட குடுக்கலாமா, வேணாமா?"

"உன் இஷ்டம்பா. என் வீட்ட பாத்துக்கோ" என்றேன். ஐந்தே வார்த்தை. அந்த ஐந்து வார்த்தை போதுமானதாக இருந்தது.

மேஸ்திரிக்கு போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்காரர் கூப்பிடுவார், அதுதான் பிழைப்பு. சொந்த அக்காவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றால் எவன் கூப்பிடுவான்? கனகசெட்டிக்குளம் போயிற்று. லாஸ்பேட்டையில் ஒரு மாடி எடுக்கிற வேலை பேசி வைத்திருந்தான், அதுவும் போயிற்று. ஒரு நாள் தம்பி பெண்டாட்டி போன் பண்ணினாள். "அண்ணி, அவருக்கு வேலையே வர மாட்டுது. நீங்க ஒரு வார்த்த நல்லதா சொன்னிங்கன்னா..." என்று இழுத்தாள். "ஒழுங்கா கட்டியிருந்தா ஏன் வராம போவுது?" என்று வைத்துவிட்டேன். என் வாயை என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினான். பொங்கலுக்கு வரிசை மட்டும் பெண்டாட்டியிடம் கொடுத்தனுப்புவான். நோணாங்குப்பம் ஆற்றங்கரை போட் ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பாரடைஸ் பீச்சுக்குப் போகிற படகில் ஏறுகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிற வேலை. "மேஸ்திரி வேலைய விட்டுட்டு இது என்ன பொழப்பு" என்று அதற்கும் நான் திட்டினேன்.

வீட்டுக்காரர் ரிட்டையராகி வந்தார். அவர் முழு நேரமும் வீட்டில் இருக்கிற முதல் வருஷம் அது. ஆனிக் கடைசியிலேயே ஒரு வாரம் விடாமல் மழை. ஒரு காலையில் படுக்கையறையில் டைல்ஸ் இரண்டு படார் என்று வெடித்து எழும்பி நின்றன. வெளியே போய்ப் பார்த்தால், பேஸ்மட்டச் சுவர் சாப்பிட்ட வயிறு மாதிரித் வெளிப்பக்கம் முட்டிக்கொண்டு நிற்கிறது. இப்படியே விட்டால் மேல் சுவர் இறங்கிவிடும் என்று அவர் பயந்துபோய் ஒரு புது மேஸ்திரியைப் பிடித்துக் கொண்டுவந்தார். வந்தவன் விரலை உள்ளே விடவில்லை. அதனாலேயே எனக்கு அவன் மேல் மரியாதை வந்தது. சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உள்ள பாத்தாத்தான் சொல்ல முடியும் சார். தளத்த ஒடைக்கணும்" என்றான்.

மறுநாள் படுக்கையறைத் தரையை உடைத்தார்கள். டைல்ஸ், அதற்குக் கீழே கான்கிரீட், அதற்குக் கீழே ஒரு சாண் மணல். மணலை வாரியதும் கறுப்பாகப் பளபளவென்று வந்தது. கடப்பாரையைக் குத்தினால் உருவ முடியவில்லை, அப்படிப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்காரர் குனிந்து எடுத்துப் பார்த்தார். "களிமண்ணு" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ கிராவல்னு சொன்ன?"

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். எல்லாமே அங்கே முடிந்திருக்கும். நான் சொன்னது இது: "எனக்கென்ன தெரியும். நா ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப அவன்தான் கொட்டினான்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "திருட்டுப் பய. கூடப் பொறந்தவளையே ஏமாத்தியிருக்கான். கிராவல்னு சொல்லிட்டு களிய ரொப்பிட்டு போயிருக்கான். இன்னிக்கே போறேன் நோணாங்குப்பத்துக்கு. நாலு பேரு முன்னாடி சட்டையப் புடிச்சிக் கேக்கறேன்" என்று செருப்பைத் தேடினார்.

மண் வாரிக்கொண்டிருந்த சித்தாள் பாண்டுச் சட்டியைக் கீழே வைத்தாள். ஐம்பது வயது இருக்கும். தலையில் சும்மாடு, மேலே ஆம்பளைச் சட்டை. காலையிலிருந்து அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

"சார், அவரு போடல" என்றாள். "வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு. டீச்சர்தான் கொட்டச் சொன்னாங்க, நெல வெக்கணும்னு."

"நீ யாரு நடுவுல? உன் வேலையப் பாரு" என்று கத்தினேன். அப்படி ஒரு கத்தல் கத்தினேன், பக்கத்து வீட்டு சொல்தா காம்பவுண்டு வழியாக எட்டிப் பார்த்தார்.

அவள் பயப்படவில்லை. "என் வேலையத்தான் பாத்தேன் டீச்சர். அன்னிக்கு இந்த மண்ண நாந்தான் சொமந்தேன்" என்றாள்.

புது மேஸ்திரி சிகரெட் பிடிக்கப் போகிற மாதிரி வெளியே நழுவினான். வீட்டுக்காரர் உடைத்த தரையின் ஓரத்தில், ஒரு செருப்போடு, அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "போன்ல கிராவல்னு சொன்னியே, அப்ப அவன் எங்க இருந்தான்?"

"பக்கத்துலதான்" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் நோணாங்குப்பத்துக்கு நான்தான் போனேன். கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். என்ன கோபத்தோடு போனேன் என்று நினைக்கிறீர்கள்? மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. இவனுக்கு வாயில்லையா, ஏன் இத்தனை வருஷம் ஊமையாக இருந்தான் என்று அவனைத் திட்டத்தான் போனேன். அப்படிப்பட்ட பிறவி நான்.

படகுத் துறையில் நல்ல கூட்டம். ஆரஞ்சு ஜாக்கெட் மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. அவன் ஒரு வெளியூர்ப் பெண்ணுக்கு வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். இளைத்துப் போயிருந்தான். என்னைப் பார்த்ததும், "வாக்கா. சாப்ட்டியா?" என்றான்.

"சொல்லித் தொலச்சா என்ன? எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கலாம்ல, மண்ணு அவ போட்டதுன்னு? போட்டோ போட்டேனே, அதுக்குக் கீழயே எழுதியிருக்கலாம்ல?"

"எழுதினா மாமா பாப்பாரு" என்றான். "அவருகிட்ட நீ கிராவல்னு சொல்லிட்ட. அத நா எப்பிடிக்கா மாத்திச் சொல்றது?"

"உன் பொழப்பு போச்சேடா."

அவன் அடுத்த ஆளுக்கு ஜாக்கெட் எடுத்துக் கொடுத்தான். "மண்ணு நீ கொட்டினது. அது மேல தளம் போட்டது நாந்தான. வேணாம்னா கரணைய வெச்சிட்டுப் போயிருக்கணும். மேஸ்திரினா அதான" என்றான். அவன் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். படவே இல்லை. அதில் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, அந்த ஜாக்கெட்டையெல்லாம் ஆற்றில் தூக்கிப் போடலாம் போல இருந்தது.

சுவர் புடைத்ததையும் புது மேஸ்திரி தளத்தை உடைத்ததையும் சொல்லி, "வந்து நீயே சரி பண்ணிக் குடு" என்றேன்.

"கரணையத் தொட்டு ரெண்டு வருஷம் ஆச்சுக்கா. கை வராது. இப்ப இருக்கறவரு நல்லாத்தான் பண்றாரு போல. ஒண்ணு மட்டும் சொல்லு அவருகிட்ட. சுவத்த மொத்தமா பிரிக்க வேணாம். மேல முட்டுக் குடுத்துட்டு, மூணு மூணு அடியா பிரிச்சிக் கட்டச் சொல்லு. ஒரு துண்டு காஞ்சப்பறம் அடுத்தது. களி ஒரு கூடைகூட உள்ள இருக்கக் கூடாது." என் வீட்டைப் பற்றி அவன் எல்லாம் யோசித்து வைத்திருந்தான். எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தானோ.

அதே மாதிரிதான் செய்தார்கள். ஒவ்வொரு அறையாகத் தரையை உடைத்து, களியை வாரி வெளியே போட்டார்கள். புடைத்த சுவரை மூன்று மூன்று அடியாகப் பிரித்துக் கட்டி, மேலே கம்பி போட்டுச் சுற்றிலும் பட்டை மாதிரி பெல்ட் கான்கிரீட் ஓட்டினார்கள். இந்தத் தடவை சிவப்பு கிராவல் வந்தது. நான் கூடவே நின்றேன். அரை அடி போட்டு, தண்ணீர் விட்டு, திமுசு அடித்து, மறுநாள் அடுத்த அரை அடி. பாத்ரூம் குழாயைத் தெருக் கால்வாய்வரை நீட்டினார்கள். வாழையை நானே வெட்டினேன். வீட்டைச் சுற்றித் தண்ணீர் வெளியே ஓடுகிற மாதிரிச் சரிவாகத் தளம் போட்டார்கள். எனக்கு ஒரு முகூர்த்தமும் தேவைப்படவில்லை. அவ்வளவும் நடந்தது ஆடி மாதத்தில்.

அந்த சித்தாளிடம் நான் பேசப் பத்து நாளானது. "கத்தினதுக்கு மனசுல வெச்சிக்காதம்மா" என்றேன். "வெச்சிக்கினா வேல செய்ய முடியுமா டீச்சர்" என்று பாண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

குரூப்பிலும் எழுதினேன். வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்துகொண்டு எழுதினேன். விரிசலுக்குக் காரணம் தம்பி இல்லை, அவன் வேண்டாம் என்று சொன்ன களிமண்ணைக் கொட்டச் சொன்னது நான், கிராவல் என்று பொய் சொன்னது நான், அவன் கட்டிய சுவரில் ஒரு தப்பும் இல்லை என்று. போட்டோவுக்குப் பன்னிரண்டு சிரிப்பு வந்ததே, இதற்குக் கும்பிடுகிற கை மூன்று வந்தது. அதற்குள் யாரோ காலை வணக்கம் என்று ரோஜாப்பூப் படம் போட்டார்கள். இன்னொருத்தர் யாருக்கோ பிறந்த நாள் வாழ்த்து. நான் எழுதியது மேலே மேலே போய்க் காணாமல் போனது. விடவில்லை நான், ஒவ்வொருத்தராகப் போன் பண்ணினேன். பெரியப்பா மகன், "விடுக்கா, அதான் வீடு கட்டி குடி போயாச்சே. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றான். சித்தி, "உன் தம்பிய நீ வுட்டுக் குடுப்பியா, அதான் இப்ப பழிய உன் மேல போட்டுக்கற" என்றாள். நான் பொய் சொன்னபோது நம்பியவர்களில் ஒருத்தர்கூட உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. எவரும் அவனை வேலைக்குக் கூப்பிடவும் இல்லை.

வேலை முடிந்து வெள்ளை அடித்த ஞாயிற்றுக்கிழமை, எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். வேலை செய்தவர்களுக்குக் கறிச்சோறு. தம்பிக்கு வீட்டுக்காரரே போன் பண்ணிக் கூப்பிட்டார். பெண்டாட்டியோடு வந்தான். வாசலில் வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இருக்கட்டும் மாமா" என்று அவன் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டான்.

உள்ளே வரவில்லை. நேராகப் பாத்ரூம் பக்கத்துச் சுவருக்குப் போனான். கொஞ்சம் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தான். கிட்டப் போய் உள்ளங்கையால் தடவினான். விரலை மடக்கி இரண்டு இடத்தில் தட்டிச் சத்தம் கேட்டான். மூலையில் உட்கார்ந்து, பழைய சுவரும் புதுச் சுவரும் சேர்கிற இடத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

"நல்லா சேத்திருக்கிங்க. எணப்பே தெரியல" என்றான்.

புது மேஸ்திரிக்கு அவன் யார் என்று தெரியாது. பாராட்டு கேட்டதில் முகமெல்லாம் சிரிப்பு. "பாக்கறதப் பாத்தா தொழில் தெரிஞ்சவரு மாதிரி இருக்கிங்களே. நீங்களும் மேஸ்திரிங்களா?" என்று கேட்டான்.

"இல்லிங்க" என்றான் என் தம்பி. "போட் ஹவுஸ்ல இருக்கேன்."